பானை ஏகாம்பரம்

கதிரவேலுக்குக் கற்பனை என்பது மருந்துக்கும் கிடையாது. நாடகம் எழுதுகிற ஒருவனைப் பற்றி இப்படிச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும்தான். ஆனால் திருகோணமலைப் பட்டினத்தில் இது ஊரறிந்த சங்கதி. கண்ணால் கண்ட ஆட்களைத்தான் அவன் மேடையில் ஏற்றுவான். சந்தையில் மீன் விற்கிற முஹம்மது தம்பி விலை சொல்ல முன்னம் தொண்டையைச் செருமுகிற விதம், கோயில் மணியகாரர் சால்வையை உதறித் தோளில் போடுகிற எடுப்பு, எல்லாம் அச்சொட்டாக வரும். யாரிடமும் உத்தரவு கேட்க மாட்டான். பெயரை மட்டும் மாற்றிவிடுவான். அவனுடைய சபா நாடகம் போடுகிற நாளில் சனம் கதை பார்க்க வருவதில்லை. இந்த முறை அகப்பட்டது யார் என்று பார்க்கத்தான் வரும். அகப்பட்டவன் முன்வரிசையில் இருந்து அசடு வழியச் சிரிக்க வேண்டும், அதுதான் மரியாதை. அடுத்த நாளிலிருந்து நாடகத்தில் வந்த பெயரே அவனுக்குப் பட்டப்பெயர். தாய் தகப்பன் வைத்த பெயரை அதற்குப் பிறகு கூப்பிட ஆள் இராது.

பகலில் கதிரவேல் துறைமுகத்தில், கடற்படையின் டொக்யாட்டில் கிளாக்கர். பெயின்ற் தகரம், வடம், ஆணி என்று களஞ்சியத்துக்கு வருவதையும் போவதையும் எழுதிவைக்கிற வேலை. கலியாணம் கட்டவில்லை. ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் ஓர் அறை எடுத்திருந்தான். படுக்கையும் எழுத்தும் அங்கே. சாப்பாடு உப்புவெளியில், தங்கச்சி பூரணத்தின் வீட்டில். மத்தியானச் சோற்றைப் பூரணத்தின் புருஷன் சிவபாதம் தன்னுடையதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவான். சிவபாதத்துக்கும் டொக்யாட்டில்தான் வேலை. இறங்குதுறையில் நின்று, அணைகிற கப்பலிலிருந்து எறிகிற வடத்தைப் பிடித்துக் கட்டுவது. இரண்டு பேரும் ஒரே வயது, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு. சிவபாதம் வாய் திறந்து நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று பூரணமே பகிடி பண்ணுவாள்.

ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த பிறகு, குண்டு போட விமானம் வந்தால் ஊத ஊரில் புதிதாக ஒரு சங்கு வைத்தார்கள். வேலைக்கு ஊதுகிற சங்கு ஒரே இழுவையாக ஊதும். இது ஏறி இறங்கி அழுதது. முதல்நாள் ஒத்திகைக்கு ஊதப்போவதாகத் தெருத்தெருவாகப் பறையடித்துச் சொன்னார்கள். சிவபாதம் அன்று இரவுவேலை முடித்துவந்து வீட்டில் நித்திரை; அவன் காதில் எதுவும் விழவில்லை. சங்கு அழுததும் துள்ளி எழும்பினான். பிள்ளைகள் இரண்டையும் பூரணத்தின் கையில் பிடித்துக் கொடுத்தான். குசினிக்குள் பாய்ந்து, அடுப்பில் அரைவேக்காட்டில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையைச் சாக்குத் துண்டால் பிடித்துத் தூக்கினான். தூக்கிக்கொண்டு எடுத்தான் ஓட்டம்! கஞ்சி தளும்பி நெஞ்சில் ஊற்றுகிறது, சாரம் அவிழ்கிறது, ஒரு கையில் சாரம், மறுகை அணைப்பில் பானை, பின்னால் பெண்சாதி பிள்ளைகள். கடற்கரையோடு ஓடித் தாழம்பற்றைக்குள் போய் ஒளித்தவன், சங்கு நின்று உப்புவெளி முழுவதும் சிரித்து முடிந்த பிறகும் வெளியே வரமாட்டேன் என்று நின்றான்.

அன்று பின்னேரம் கதிரவேல் போய்க் கேட்டான். "அலுமாரிக்குள்ள காப்பு, சங்கிலி எல்லாம் கிடக்குது. அதை விட்டிட்டுப் பானையை ஏன்டாப்பா தூக்கினனி?"

சிவபாதம் நெஞ்சிலிருந்த கொப்புளத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். "குண்டு விழுந்தா எல்லாரும் சரி. விழாட்டிப் பிள்ளையளுக்குப் பசிக்குமெல்லே?" என்றான்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கதிரவேல் சிரித்தான். ஓர்ஸ் ஹில் வரைக்கும் சைக்கிளில் சிரித்துக்கொண்டே போனான். அறைக்குப் போய் விளக்கைக் கொளுத்தி எழுத உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து ஊர்ப் பாதுகாப்புக் குழுக்காரருக்கும் ஒரு நாடகம் தேவைப்பட்டது. சனம் வெருண்டு போயிருந்தது. வேலையாட்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் நழுவினார்கள். ஓடாதீர்கள், சங்கு ஊதினால் பதுங்குகுழிக்குள் இறங்குங்கள், முடிந்ததும் வேலைக்குப் போங்கள் என்று மேடை போட்டுப் பேசினால் யார் கேட்பான்? நாடகமாகப் போட்டால் கேட்பார்கள் என்று கதிரவேலைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவனிடம் நாடகம் பாதி தயாராகவே இருந்தது. 'சங்கு ஊதினால் என்ன?' என்று பெயர் வைத்தான்.

அதில் ஒரு காவல்காரன் வருவான். குண்டு விழுந்தாலும் நின்ற இடத்தை விட்டு அசையாத வீரன். "கடமை இருக்கும் இடத்தை விட்டு எங்கே போவேன்? போகிற உயிர் இங்கேயே போகட்டும்!" என்று நெஞ்சில் அறைந்து வசனம் பேசுவான். சனம் அவனுக்குக் கொட்டாவி விட்டது. சனத்துக்குப் பிடித்தவன் ஏகாம்பரம். சோற்றுப் பானையோடு ஓடுகிற பயந்தாங்கொள்ளி. அந்த வேஷம் ஸஹாப்தீனுக்கு. கிண்ணியா ஆள், டொக்யாட்டில் தச்சுவேலை. சிரிக்காமல் சிரிப்பு மூட்ட அவனை விட்டால் ஆள் கிடையாது. சிவபாதம் நடக்கிற நடையை இறங்குதுறையில் தள்ளி நின்று பார்த்தே பிடித்துவிட்டான்.

ஒரேயொரு இடத்தில் மட்டும் கதிரவேல் சொந்தமாக ஒன்று சேர்த்தான். நிசத்தில் சிவபாதம் பானையைக் கைவிடவே இல்லை. நாடகத்தில் ஏகாம்பரம் பயத்தில் அதைக் கீழே வைத்துவிட்டு ஓடுவான். மேடையை விட்டு இறங்கப் போகிற சமயம் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "ஏகாம்பரண்ணை! பானையை விட்டிட்டுப் போறியள்!" ஏகாம்பரம் ஒற்றைக் காலில் நிற்பான். முன்னுக்கு ஒரு பார்வை, பின்னுக்கு ஒரு பார்வை. பிறகு திரும்பி வருவான். வந்து பானையைத் தொட மறுபடி சங்கு அழும், வைத்துவிட்டு ஓடுவான், மறுபடி குரல். கடைசித் தடவை அந்த வரியைச் சனமே சேர்ந்து கத்தியது. தான் எழுதியதிலேயே சிறந்த வரி இதுதான் என்று கதிரவேலுக்குத் திரைக்குப் பின்னால் கண் கலங்கிப் போய்விட்டது.

சிவபாதம் முன்வரிசையில் இருந்தான். சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தான். பெண்கள் பக்கத்தில் பூரணம் மடியில் படுத்திருந்த மகனின் தலையைத் தடவிக்கொண்டு கடைசிவரை நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து சிவபாதம் இல்லை, பானை ஏகாம்பரம்தான். வழக்கமான கதைதானே, கொஞ்ச நாளில் புளித்துவிடும் என்று கதிரவேல் நினைத்தான். புளிக்கவில்லை. சந்தியில் சைக்கிள்காரர் கத்தினார்கள். வத்தைத் தோணிகளில் சாமான் ஏற்றுகிறவர்கள் கத்தினார்கள். மூத்தவள் புஸ்பராணிக்கு எட்டு வயது; பள்ளிக்கூடத்தில் அவளைப் 'பானையின்ர மகள்' என்றார்கள். அவள் ஒருநாள் அழுதுகொண்டு வந்து, "அப்பா, இனிச் சங்கு ஊதினா ஓடாதைங்கோ," என்று சொன்னாள். பூரணம் சொல்லித்தான் இது கதிரவேலுக்குத் தெரியும்.

சிவபாதம் சோறு கட்டிக்கொண்டு வருவதை நிறுத்தவில்லை. முன்பு போலவே களஞ்சியத்துக்கு வந்து பொட்டலத்தை மேசையில் வைத்தான். முன்பு போல உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடவில்லை, அவ்வளவுதான். ஒத்திகைக்குச் சங்கு அழுகிற நேரங்களில் எல்லோரும் இறங்குதுறைக்குப் பக்கத்தில் வெட்டியிருந்த குழிக்குள் இறங்குவார்கள். அவன் இறங்கமாட்டான். வடத்தைப் பிடித்தபடி வெளியே நிற்பான். மேற்பார்வைக்காரன் ஏசியும் கேட்கவில்லை. குழுக்காரர் இதைக் கேள்விப்பட்டு, "பாத்தீங்களா, உங்கட நாடகம் வேலை செய்யுது," என்று கதிரவேலின் தோளில் தட்டினார்கள். அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மனிசனுக்குப் புகழ்ச்சி ஏறினால் கண் இருந்தும் என்ன பிரயோசனம்?

சித்திரை வருஷம் பிறக்கக் கொஞ்சநாள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் உண்மையாகவே குண்டு விழுந்தது.

திங்கட்கிழமை காலை ஊர் கலைந்தது. கொழும்புக்கு அடுத்தது திருகோணமலைதான் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நிலாவெளிப் பக்கம் மாட்டுவண்டிகள் வரிசையாகப் போயின. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போகிற தோணிகளில் கால்வைக்க இடமில்லை. கதிரவேல் துறைமுகத்தடியில் ஸஹாப்தீனைக் கண்டான். தலையில் பாய்ச்சுருள், கையில் கோழிக்கூடு, பின்னால் அவனுடைய தாய் ஆமினா உம்மா.

"டேய், வாற சனிக்கிழமை திரும்பவும் நாடகம் எல்லோ? ஏகாம்பரத்துக்கு நான் எங்க போறது?" என்றான் கதிரவேல். வேலையாட்கள் ஓடுவதைத் தடுக்க நாடகத்தை இன்னொருமுறை போடும்படி குழுக்காரர் கேட்டிருந்தார்கள்.

"அண்ணன், நாடகம் வேற, உசிர் வேற," என்றான் ஸஹாப்தீன். கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "நீங்களே கட்டுங்க வேஷத்த. எல்லா வசனமும் உங்களுக்குப் பாடம்தானே." சொல்லிவிட்டுத் தோணியில் ஏறினான். கரையில் நின்ற ஒருவரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வேஷம் கட்டியவன் போய்விட்டான். யாருடைய வேஷமோ, அவன் அந்த நேரம் இறங்குதுறையில் வடம் இழுத்துக்கொண்டு நின்றான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பூரணம் ஓர்ஸ் ஹில் அறைக்கு வந்தாள். அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. கதிரையை இழுத்துப் போட்டான், இருக்கவில்லை.

"அண்ணை, எங்கட அயலில இனி ஒரு சனம் இல்லை. எல்லாரும் போயிட்டினம். நிலாவெளியில மாமி வீட்டுக்குப் போவம் எண்டா இவர் ஏலாது எண்டுறார்."

"நீ பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போவன்."

"இவரை விட்டிட்டு நான் போகமாட்டன். அது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ஏலாது எண்டுறார்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் காலைப் பிடிச்சும் கேட்டிட்டன். 'போனா என்ன சொல்லுவாங்கள் எண்டு உனக்குத் தெரியாதோ, புஸ்பம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவேணும்' எண்டுறார். அண்ணை, நீங்கள் வந்து சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்லுறது?"

"அந்தப் பானைக் கதை பிழை எண்டு சொல்லுங்கோ. இவரிட்ட இல்லை. இறங்குதுறையில எல்லாரும் நிக்கேக்கச் சொல்லுங்கோ. பிள்ளையளுக்குச் சோறு கொண்டு ஓடின மனிசனை நான் பகிடி பண்ணினது பிழை எண்டு நாலு பேர் காது கேக்கச் சொல்லுங்கோ. அப்ப வருவார்."

நாளைக்கே சொல்கிறேன் என்று கதிரவேல் வாக்குக் கொடுத்தான். மனசாரத்தான் கொடுத்தான். அவள் போனபிறகு வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தான், மேடையில் சொல்வது போல. நன்றாகத்தான் வந்தது.

புதன்கிழமை இறங்குதுறையில் பதினைந்து இருபது பேர் நின்றார்கள். கதிரவேல் போனதும், "என்ன கிளாக்கர், அடுத்த நாடகத்துக்கு ஆள் பிடிக்க வந்தீங்களோ?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு எப்போதும் இனிக்கும். அன்றும் இனித்தது. இத்தனை பேருக்கு முன்னால், 'நான் எழுதியது பிழை' என்று சொல்வதா? சனிக்கிழமை நாடகம் கிடக்கிறது, இன்றைக்கு இதைச் சொன்னால் பிறகு யார் அதைப் பார்த்துச் சிரிப்பான்? தொண்டைவரை வந்தது இறங்கிவிட்டது. சிவபாதத்தைக் கையில் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"மச்சான், நீ பூரணத்தையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு நிலாவெளிக்குப் போ. நான் சொல்லுறன்."

"நீ சொல்லுறியோ?"

"ஓமடா. அந்தக் கதையெல்லாம் சும்மா பகிடி. ஆர் அதைப் பெரிசா எடுக்கிறான்?"

சிவபாதம் வடத்தில் உரஞ்சித் தோல் தடித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, அவனுடைய கணக்குக்கு, நிறையப் பேசினான். "அண்டைக்கு அந்தப் பானைக்குள்ள உன்ர பங்கும் கிடந்தது, கதிரவேல். நீயும் பின்னேரம் சாப்பிட வருவாய் எண்டுதான் நான் கொட்டுப்படாமல் பிடிச்சனான். நெஞ்சு வெந்தது அதாலதான்." ஆட்கள் நின்ற பக்கம் கையைக் காட்டினான். "பூரணம் உன்னட்ட வந்தது எனக்குத் தெரியும். அங்க நிக்கிறவங்களிட்டப் போய்ச் சொல்லு. இப்பவே போறன்."

கதிரவேல் திரும்பி ஆட்களைப் பார்த்தான். அவர்கள் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பல் தெரிய.

"சனிக்கிழமை நாடகம் முடியட்டும் மச்சான். மேடையில ஏறி நிண்டு ஊருக்கே சொல்லுறன். சத்தியமா."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை போறன்," என்றான் சிவபாதம். கோபம் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அன்றும் சோற்றுப் பொட்டலம் மேசைக்கு வந்தது.

புதன்கிழமை பின்னேரமே துறைமுகத்தில் நின்ற பெரிய கப்பல்கள் கடலுக்குள் இறங்கிப் போய்விட்டன. வியாழக்கிழமை விடிய, இத்தனை நாளாக இரும்பு நிறைந்து கிடந்த துறைமுகம் வெறும் தண்ணீராகக் கிடந்தது. ஏதோ தெரிந்துதான் போயிருக்கிறார்கள் என்று ஆட்கள் குசுகுசுத்தார்கள். கதிரவேல் வடச்சுருள் ஒன்றைச் சரிபார்க்க இறங்குதுறைக்கு வந்திருந்தான். எண்ணெய்ப் பீப்பாய் ஏற்றிய வத்தையொன்றைச் சிவபாதம் கரைக்கு இழுத்து, வடத்தைக் கட்டையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

சங்கு அழுதது. காலையிலேயே ஒத்திகையா என்று யாரோ சலித்துக்கொண்டான். மலைப்பக்கம் பீரங்கிகள் வெடித்தன. அதற்கு மேல் ஒருவனும் ஒத்திகை என்று சொல்லவில்லை. வெயிலுக்குள்ளிருந்து விமானங்கள் வந்தன. வரிசை குலையாமல், அவசரமே இல்லாமல் வந்தன. ஆட்கள் குழிக்குள் விழுந்தடித்துக் குதித்தார்கள்.

சிவபாதம் அண்ணாந்து பார்த்தான். வடத்தைக் கைவிட்டான். குழிப்பக்கம் திரும்பவில்லை, வாசற்பக்கம் திரும்பினான். வாசலுக்கு அங்கால் உப்புவெளி ரோட்டு. பிள்ளைகளிடம் போகப் போகிறான். ஓடத் தொடங்கிவிட்டான், அதே நடை, அதே ஓட்டம். ஐம்பது அறுபது அடி தள்ளி நின்ற கதிரவேலுக்கு அதைக் கண்டதும் நெஞ்சில் பால் வார்த்தது. போடா மச்சான், போ, என்று மனதுக்குள் கத்தினான்.

அப்போது குழிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏகாம்பரண்ணை! பானையை விட்டிட்டுப் போறியள்!"

கத்தியவன் யாரென்று கதிரவேலுக்குக் கடைசிவரை தெரியாது. யாராகவும் இருக்கலாம், ஊரே அந்த வரியைப் பாடமாக்கி வைத்திருந்தது. பயத்தில் பல் அடிக்கிற நேரம் வாயில் வந்ததைக் கத்தியிருப்பான், பாவம். குழிக்குள் இரண்டொரு பேர் சிரித்தது கூடக் கேட்டது.

சிவபாதம் நின்றான். ஒற்றைக் காலில் நின்றது போலத்தான் இருந்தது. முன்னுக்குப் பார்த்தான், பின்னுக்குப் பார்த்தான். பிறகு திரும்பி வந்தான். வந்து, வத்தை விலகிப் போகாமல் வடத்தைக் குனிந்து எடுத்து மறுபடி கட்டையில் சுற்றத் தொடங்கினான்.

ஓடு, அது பகிடி, ஓடு என்று கத்தக் கதிரவேல் வாயைத் திறந்தான். திறந்த வாயில் சத்தம் வரவில்லை. கால் மட்டும் வேலை செய்தது. சிவபாதத்துக்குப் பக்கத்தால், அவன் கையில் தட்டுப்படுகிற தூரத்தால், வாசலைப் பார்த்து ஓடினான். அவன் வாசலைத் தாண்ட முன்னம் பின்னால் முதற் குண்டு விழுந்தது. நிலம் அவனைத் தூக்கி எறிந்தது. எழும்பி ஓடினான். திரும்பிப் பார்க்கவே இல்லை. செருப்பு எங்கேயோ போய்விட்டது. வேட்டி அவிழ்ந்தது, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினான். ஏகாம்பரம் வேஷத்துக்கு ஆள் தேடத் தேவையில்லாமல் போய்விட்டது. பார்த்துச் சிரிக்கத்தான் ரோட்டில் யாரும் இல்லை.

பூரணம் வேலிப் படலையடியில் நின்றாள். இடுப்பில் சின்னவன், பக்கத்தில் புஸ்பராணி, காலடியில் துணி சுற்றிய சோற்றுப் பானை. தமையனுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தாள்.

"அவர் எங்க?"

"வாறார்," என்றான் கதிரவேல். "பின்னால வாறார்."

சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்தது. புகை எழும்பி வெயிலை மறைத்தது. புகைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பூரணம் பார்த்தாள். தாழம்பற்றைக்குப் போவோம் என்று கதிரவேல் எவ்வளவு கெஞ்சியும் படலையை விட்டு நகரவில்லை. பின்னால் வருகிறவர் தங்களைக் காணாமல் தேடுவார் என்றாள். மத்தியானம் பிள்ளைகளுக்கு அதிலேயே வைத்துப் பானையிலிருந்து சோறு கொடுத்தாள். ஒரு பங்கை எடுத்து வைத்தாள்.

பின்னேரம் கதிரவேல் திரும்பிப் போனான். இறங்குதுறை இருந்த இடத்தில் இறங்குதுறை இல்லை. குழிக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள். மற்றவர்களை ஒரு கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடத்தியிருந்தார்கள். முகம் பார்த்துச் சொல்ல ஏலாது. நெஞ்சில் கஞ்சி ஊற்றி வெந்த தழும்பைக் கண்டுதான் சிவபாதத்தை அடையாளம் சொன்னான். தழும்பு ஆறி வெள்ளையாக, அரைவாசி பனையோலைத் தடுக்கின் அகலத்துக்கு இருந்தது. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. கொப்புளமாக இருந்தபோது அதைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்திருந்தான். அந்தக் கொட்டகைக்குள் நின்று, வாழ்நாளில் முதல்முறையாக, யாரும் பார்க்கிறார்களா என்று பாராமல் அழுதான்.

பறை இல்லை, ஐயர் இல்லை, தூக்க ஆள் இல்லை. ஊரே ஓடியிருந்தது. மிஞ்சியிருந்த நாலு பேர் சேர்ந்து எரித்தார்கள். பூரணத்தையும் பிள்ளைகளையும் நிலாவெளி மாமி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். சித்திரை வருஷம் பிறந்ததை அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு அவள் அதே பானையில் சமைத்தாள். செத்தவருக்குப் படைத்து முடிந்து, பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்த பிறகு, தமையனுக்கு வாழையிலை போட்டுச் சோறு வைத்தாள். எண்ணெய்ப் புகை அப்போதுதான் அடங்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள் கறி மணத்தோடு அதுவும் மணத்தது. எதிரே சுவரோடு சாய்ந்து இருந்துகொண்டு கேட்டாள்.

"அண்ணை, நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்தானே. கடைசியா அவர் என்ன சொன்னவர்?"

இந்தக் கேள்வி வரும் என்று கதிரவேலுக்குத் தெரியும். அதற்கு ஒரு பதிலும் தயார் பண்ணி வைத்திருந்தான். உள்ளதைச் சொல்ல அவனுக்கு நெஞ்சுரம் இல்லை. ஓடத் தொடங்கியவனைத் தன்னுடைய வரி திருப்பி எடுத்தது என்று எப்படிச் சொல்வான்? பிள்ளைகளுக்கும் ஒரு நல்ல பெயர் மிஞ்சட்டும் என்றுதான் நினைத்தான். அது பொய்யென்றாலும் அன்பில் பிறந்த பொய்தான், அதை நான் நம்புகிறேன்.

"நான் வா எண்டு கூப்பிட்டனான், பூரணம். அவன் வரேல்லை. 'கடமை இருக்கிற இடத்தை விட்டு எங்க மச்சான் போறது, போற உயிர் இஞ்சையே போகட்டும்' எண்டு சொன்னவன். வீரனா நிண்டவன். பிள்ளையளுக்கு நீ அதைச் சொல்லு."

பூரணம் அகப்பையால் பானையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சோற்றை வழித்துக்கொண்டிருந்தாள்.

"அது காவல்காரன்ர கதை அண்ணை," என்றாள். "நீங்கள் எழுதினது."

கதிரவேல் கையிலெடுத்த சோற்றைத் திரும்ப இலையில் வைத்தான்.

"இவர் அப்பிடி ஒருநாளும் கதைக்கமாட்டார். உங்களுக்கு அவர்ர கதை, நடை எல்லாம் வடிவாத் தெரியும். நீங்கள் பாத்திருந்தா அச்சொட்டாச் சொல்லியிருப்பீங்கள்." அவள் குரல் உயரவில்லை. "நீங்கள் பாக்கேல்லை. அங்க நிக்கவும் இல்லை. ஓடியிருக்கிறீங்கள். அண்டைக்குச் செருப்பில்லாமல் வரேக்கயே எனக்குத் தெரியும்."

"ஓம்," என்றான் கதிரவேல். "ஓடினனான்."

அவள் வழித்தெடுத்த சோற்றை அவனுடைய இலையில் போட்டாள்.

"சாப்பிடுங்கோ. ஓடினது நல்லதுதான் அண்ணை," என்றாள். "அவரையும் ஓட விட்டிருக்கலாம்."